மூன்று சுழி

சேன்-அந்த்ரேயிலிருந்து சலாசி ஏறும் பேருந்தில்
என் பக்கத்து இருக்கையில் ஒரு வெற்றுச் சாக்கு.
அதன் சொந்தக்காரி நின்றுகொண்டிருந்தாள்.
பிறகு சாக்கை மடியில் எடுத்து உட்கார்ந்து
என் கையிலிருந்த துண்டுத்தாளை எட்டிப் படித்தாள்:
நான்கு நாள் மௌனம், சைவ உணவு, மலைக்காற்று.
"மூடி ஒன்பது வருடம்" என்றாள்.
காரைக்கால் பள்ளியில் கற்ற என் பிரெஞ்சு
அவள் சொன்னது வருடமா நாளா என்று
இரண்டு வளைவு வரை குழம்பியது.
"நானும் அங்கேதான் போகிறேன். வா."

பெயர் ஜிஸ்லேன். ஜிஸ்லேன் கதிவேல்.
சேன்-பெனுவாவில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், இன்று விடுப்பு.
இடையிலிருந்த ர் எந்தக் கடலில் விழுந்ததோ.
பொருள் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
சொன்னால் முருகனில் தொடங்க வேண்டும்,
அதற்குள் மழை தொடங்கிவிட்டது.

இரும்புக் கதவில் பூட்டு பத்திரமாக இருந்தது.
சுவர்தான் இல்லை.

செருப்பு அடுக்கும் பலகையில்
இடது கால் ரப்பர் செருப்பு ஒன்று.
பாசி அதை அளவு சரியாகப் போட்டிருந்தது.
நான் பழக்கத்தில் குனிந்து கழற்றினேன்.
"கண்ணாடிச் சில்லு" என்றாள்.
மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அறைக்கு ஒரு கட்டில்,
கட்டிலுக்கு ஓர் ஆணி,
ஆணிக்கு ஒன்றுமில்லை.
ஏழாம் அறைக் கதவின் உட்புறம்
யாரோ பென்சிலால் நாள் கிழித்திருந்தார்கள்,
நான்கு நாள் மௌனத்துக்குப் பதினொரு கோடு.
ஜிஸ்லேன் எண்ணிவிட்டு விசில் அடித்தாள்.
"வீட்டில் தேடியிருக்க மாட்டார்களா?"
"தேடாததால்தான் பதினொன்று."

கூடத்தின் கூரையைப் புயல் கொண்டுபோயிருந்தது.
அந்த இடத்தைக் கொடி எடுத்துக்கொண்டது.
இலைக்கு இலை ஒழுகும் பச்சை இருட்டில்
சுவரில் ஐந்து மொழியில் ஒரே கட்டளை.
ஐந்தாவது என்னுடையது:
மௌணம் காக்க.

"படி" என்றாள்.
மௌனத்தைச் சத்தமாகப் படித்தேன்.
"ஆனால் பிழை. ஒரு சுழி கூடுதல்,
மூன்று போட்டிருக்கிறார்கள், இரண்டு போதும்."
"சுழி எது?"
காட்டினேன்.
அவள் விரல் எழுத்தைத் தாண்டி
அதன்மேல் சுருண்டிருந்த கொடியின் பற்றுக்கம்பியை
ஒன்று இரண்டு என்று எண்ணிப் போனது.
"ஏழு இருக்கிறதே."

பிறகு அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தாள்.
பல் போன கிழவன் வாயைப் போல
மடிந்த மடிப்போடு ஒரு பச்சைக் காய் இறங்கி வந்தது.
"இதற்குத்தான் வந்தேன்" என்று சாக்கை உதறினாள்.
"ஷூஷூ."
"எங்கள் சந்தையில் சௌசௌ."
"சௌசௌ?"
"ஷூஷூ?"
வேறெந்தச் சொல்லையும் அந்தச் சுவர்
இத்தனை முறை கேட்டிருக்காது.

குரு உட்கார்ந்த மேடையில் ஏறினால்தான்
மேல்கொடி எட்டும்.
அவள் யோசிக்காமல் ஏறினாள்.
நான் யோசித்து ஏறினேன்.
அவள் அறுக்க நான் வாங்க, நான் அறுக்க அவள் வாங்க,
மழை நின்றது, மறுபடி பெய்தது, சாக்கு நிறைந்தது.
இவ்வளவு நேரமும் நாங்கள் பேசவில்லை என்பது
கீழே இறங்கிக் கை துடைக்கும்போதுதான் தெரிந்தது.
நான் அதைச் சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.

புறப்படும் முன் ஏழாம் அறைக்கு
நான் மட்டும் ஒருமுறை திரும்பிப் போனேன்.
எதற்கென்று அவள் கேட்கவில்லை.
படியில் காத்திருக்க
ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

இறங்கும் பேருந்தில் ஓர் இருக்கைதான் காலி.
சாக்கை அதில் உட்காரவைத்து
இருவரும் கம்பியைப் பிடித்து நின்றோம்.
ஒவ்வொரு வளைவிலும் அது என்மேல் சாய்ந்தது,
உள்ளே எந்தக் காயிலோ முள்.